நாணம் பெரிதா, மகன் பெரிதா?

ஆண் குழந்தை பிறந்தால் கற்கண்டு வழங்கி மகிழும் தகப்பன்மார் கோட்டாற்றில் அநேகர். ஆனால் அக்குழந்தையின் விரைகள் இரண்டும் உரிய இடத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று கவனித்தவர் எத்தனை பேர்? இதைக் கேட்கவும் நாம் கூசுகிறோம். கூச்சம் தந்தையுடையது; அதன் பலனை அனுபவிப்பவனோ மகன்.

கருவிலிருக்கும் சிசுவின் விரைகள் வயிற்றினுள் உண்டாகிப் பிறப்பதற்கு முன் பைக்குள் இறங்குவது இயற்கை. நிறைமாத ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு ஒன்றேனும் இறங்குவதில்லை. குறைமாதத்தில் பிறந்தோரிடம் இக்குறை இன்னும் அதிகம். பெரும்பாலோருக்கு முதற் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். 6 மாதம் கடந்தபின் இறங்குதல் அரிது. உடற்சூட்டினும் சற்றுக் குறைந்த சூடே விரைக்கு உகந்தது. மேலே தங்கிய விரை வெப்பத்தால் கெடுகிறது. பிற்காலத்தில் புத்திர பாக்கியம் குறையலாம். புற்றுநோய் அபாயமும் கூடுகிறது.

"வளர்ந்தால் சரியாகும்" என்பது பாட்டிமார் வாக்கு. ஸ்வீடன் தேசத்தில் இச்சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 17,000 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு அதை மறுக்கிறது. 13 வயதுக்கு முன் சிகிச்சை பெற்றோருக்கு விரைப் புற்றுநோய் அபாயம் மற்றவரினும் சுமார் 2 மடங்கு. அதற்குப் பின் பெற்றோருக்கு 5 மடங்குக்கும் மேல். அந்நோய் அரிது என்பது மெய்யே. எனினும் தாமதத்தால் லாபம் யாருக்கு?

1877இல் எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் செய்து காட்டிய ரணசிகிச்சை இன்று சாதாரணமாகிவிட்டது. தொடையிடுக்கில் சிறு கீறலிட்டு விரையைப் பைக்குள் கொணர்ந்து நிலைநிறுத்துகிறார்கள். 6 மாதத்துக்கு மேல் 18 மாதத்துக்குள் செய்வது உத்தமம். குளிரிலோ தொடுகையிலோ மேலேறிப் பின் தானே இறங்கும் விரைக்குக் கத்தி வேண்டாம். அவ்வப்போது பரிசோதித்தால் போதும். எது எவ்வகை என்பதை வைத்தியரே நிச்சயிக்க வேண்டும்.

1838இலேயே நெய்யூரில் மேனாட்டு வைத்தியம் தொடங்கிய நாடு நம் நாஞ்சில் நாட்டுப் பிரதேசம். இன்று ஆசாரிப்பள்ளத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வைத்தியசாலை அருகிலிருந்தும் குழந்தையைக் கொண்டு செல்லாதது யார் குற்றம்?

சர்க்காருக்கும் கடமையுண்டு. குழந்தைகளின் நோய்களைக் கண்டறிய மத்திய சர்க்கார் 2013இல் வகுத்த திட்டத்தில் பிறவிக் குறைகள் ஒன்பது குறிக்கப்பட்டன. அவற்றுள் இது இல்லை. அங்கன்வாடிக்கு வரும் வைத்தியர் ஒரு நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டால் கண்டுவிடக்கூடிய குறையைப் பட்டியலில் சேர்ப்பதில் என்ன தடை? தடுப்பூசி போடும் நாளில் ஒவ்வொரு ஆண் குழந்தையையும் இதற்காகப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். உத்தரவு வரும்வரை தகப்பன்மார் காத்திராமல் தாமே வைத்தியரைக் கேட்பாராக.