பார்த்த கூலி

திண்டிவனத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் நாற்கரச் சாலையில், 90 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போய்க்கொண்டிருந்த என் பழைய கார், முன்னே சுங்கச்சாவடி தென்பட்டு நான் பிரேக்கை மிதித்த மாத்திரத்தில், ஸ்டியரிங்கை என் கைகளிலிருந்து பிடுங்கிக்கொள்ள முயல்வது போல் நடுங்கத் தொடங்கி, வேகம் 40-க்கு இறங்கியதும் ஒன்றுமே நடவாதது போல் அடங்கிவிட்டது. பட்டணத்தில் நான் காட்டிய பட்டறையில் முதலில் வீல் பேலன்சிங் செய்தார்கள், பிறகு அலைன்மென்ட், அதற்கும் நடுக்கம் மசியாமற்போகவே முன்சக்கரங்களுக்கு இரண்டு புது டயர்களை வாங்கச் செய்தார்கள். ஒருவரேனும் வண்டியில் ஏறி 80-ஐத் தாண்டி ஓட்டிப் பார்க்கவில்லை என்பதை அப்போது நானும் ஒரு குறையாகக் கருதவில்லை.

கடைசியில் விழுப்புரத்தில் ஒரு முதிய மெக்கானிக், கருவி எதையும் கையில் எடுக்குமுன் கேட்டார்: "எந்த ஸ்பீடுல சார் ஆடுது? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா? பிரேக்ல கால் வெச்சா மட்டுமா, சும்மா போறப்பவுமா?" இவ்விஷயத்தின் சாஸ்திரம் பெரும்பாலும் இந்த வினாக்களிலேயே அடங்கியிருக்கிறது.

சிறிய கார் ஒன்றின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 14, 15 முறை சுழல்கிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 25 கிராம் பாரம் ஒருபக்கம் மிகுந்திருந்தாலும், அது அவ்வேகத்தில் மூன்றரைக் கிலோவின் இழுப்பாகப் பெருகி, சுற்றுக்கு ஒரு தரம் சக்கரத்தை உலுக்குகிறது. அந்த உலுக்கலின் தாளமும் சஸ்பென்ஷனின் சுபாவமான அதிர்வும் ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் ஓரளவு தணிந்தும் போகிறது. ஆகவே பிரேக்கைத் தொடாமலே 80-க்கும் 110-க்கும் இடையே ஆடினால் பேலன்சிங்கைச் சந்தேகிப்பது நியாயம். கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். அலைன்மென்ட் கோளாறோ வண்டியை ஒருபக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். இத்தகைய நடுக்கத்துக்கு நேர்க்காரணம் அது அன்று. (சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் ஆட்டம் வரவர வளர்ந்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், நட்டு தளர்ந்திருக்கலாம், உடனே ஓரங்கட்டிப் பார்த்துவிட வேண்டும்.)

என் வண்டி ஆடியது பிரேக் போட்டால் மட்டுமே. பெரியவர் என்னோடு நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் வந்து, இருமுறை பிரேக் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, திரும்பியதும் சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றி, டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தைக் காட்டினார். அதன் ஓர் ஓரத்தில் கருவாட்டுச் செதில் போலத் துரு ஏறியிருந்தது. அந்தச் செதிலின் மேல் அமர்ந்த டிஸ்க் மயிரிழை சாய்ந்து சுழன்று, பிரேக் போடாத வேளையிலும் சுற்றுக்கு ஒரு தரம் பேடில் உரசி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் ஒரே இடத்தில் தேய்ந்து மெலிந்துவிடுகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசமே போதும், பிரேக்கின் பிடி இறுகியும் தளர்ந்தும் அந்தத் தாளம் ஸ்டியரிங்குக்கு ஏறிவிடும். "டிஸ்க் பெண்ட்" என்று பட்டறைகள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில் பெரும்பங்கு வளைவே அன்று, இந்தத் தேய்மானந்தான். துருவைத் துடைக்காமல் புது டிஸ்க்கையே மாட்டினாலும் சில மாதங்களில் வியாதி திரும்பிவிடும்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொருளுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் நாம், அரைமணி நேரம் உடன் வந்து பரீட்சித்துக் காரணத்தை நிர்ணயிப்பவருக்கு, "பார்த்ததற்குமா காசு?" என்கிறோம், அப்படியிருக்க, அவர் பாராமலே பொருளை மாற்றி வைப்பதில் என்ன ஆச்சரியம்? ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு கட்டணத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிடும் பட்டறை எங்கேனும் இருந்தால், இரண்டு டயர்களின் விலையை வீணில் கொடுத்தவன் என்ற முறையில், நான் அங்கேயே போவேன்.

பெரியவர் ஹப்பை எமரித் தாளால் தேய்த்து, டிஸ்க்கை லேத்தில் கடைந்து, அதில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகவில்லை என்று அளந்து பார்த்து, நட்டுகளை எதிரெதிராக டார்க் ரென்ச்சால் முடுக்கினார். பில்லில் கடைசல் கூலி இருந்தது, கழற்றி மாட்டிய கூலி இருந்தது. என்னோடு வந்த 20 கிலோமீட்டருக்கு ஒரு வரியும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அத என்னன்னு சார் எழுதறது?" என்றார்.