வங்காலையின் குரலையும் பதிவு செய்யுங்கள்

வங்காலைச் சரணாலயம் என்றதும் பூநாரைக் கூட்டத்தின் படமே நம் நினைவுக்கு வருகிறது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த ஈரநிலம், போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் றம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வலசை வரும் பறவைகளை எண்ணுகிறோம், படம் பிடிக்கிறோம். அவற்றின் ஒலியைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

பேச வேண்டும் என்பதே என் வாதம். அமெரிக்க ஒலிப்பதிவாளர் பேர்னி கிரவுஸ் 1988 இல் கலிபோர்னியாவின் லிங்கன் புல்வெளியில் விடியற்கால ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் அங்கு தேர்ந்தெடுத்த மரங்கள் மட்டும் வெட்டப்பட்டன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது காட்சியில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஒலிப்பதிவிலோ பறவைக் குரல்களிற் பெரும்பகுதி காணாமற் போயிருந்தது.

இன்று கையடக்கக் கருவியொன்றை மரத்திற் கட்டிவிட்டால், குறித்த வேளைகளில் அது தானே பதிவு செய்யும். எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று கணினி பிரித்துக் காட்டும். இரவிலும் சேற்று நிலத்திலும் மனிதர் காவலிருக்க இயலாத குறையை இது ஓரளவு தீர்க்கும். குரலெழுப்பாத பறவை பதிவாகாது. மன்னார்க் காற்றின் இரைச்சலும் இடையூறுதான். எனவே, கண்ணால் எண்ணும் பணிக்கு இது துணையேயன்றி மாற்றல்ல.

இயற்கையின் ஒலிக்குச் செவிகொடுப்பது எமக்குப் புதிதுமல்ல. மட்டக்களப்பு வாவியின் ஓசையை 1848 இல் கேட்ட எமர்சன் ரெனன்ற் அதனை நூலில் எழுதிவைத்தார். 1960களில் அவ்வோசை இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் ஒருபுறமிருக்க, பதிவு செய்தவர்களால் அந்த ஓசை பின்வந்தோருக்கும் கிட்டியது.

மன்னார்த் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாற்றுத் திறனுடைய 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. அதானி நிறுவனம் தனது திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. ஆயினும் காற்று வீசும்வரை புதிய திட்டங்கள் வந்துகொண்டேயிருக்கும். காற்றுமின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், முன்பிருந்த நிலைக்குச் சான்று இல்லாவிட்டால், பின்னர் நேர்ந்த இழப்பை எதைக் கொண்டு அளப்பது? ஆகவே, எத்திட்டத்துக்கும் அனுமதி வழங்குமுன் ஓராண்டு முழுவதற்குமான ஒலிப்பதிவைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதில் நிபந்தனை ஒன்றுண்டு. கண்காணிப்புக்கு உள்ளாகியே வாழ்ந்த மக்கள் மத்தியில் ஒலிவாங்கி வைப்பது சிறு விடயமல்ல. அது எங்கே, எதற்காக வைக்கப்படுகிறது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு முன்கூட்டியே சொல்லி அவர்களின் சம்மதத்தைப் பெறவேண்டும். தற்செயலாகப் பதிவாகும் மனிதப் பேச்சு அழிக்கப்பட வேண்டும். பதிவுகள் கம்பனிகளின் பெட்டகத்துள் முடங்காமல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனமொன்றில் எவரும் கேட்கக்கூடியவாறு பேணப்படுவதும் அவசியம்.

அடுத்த வலசைப் பருவத்திலேனும் இப்பணி தொடங்கட்டும்.