கரையும் கசிவும்

உண்ட சோறு உடம்பில் என்ன ஆகிறது என்று கேட்டால், படித்தவரும் படிக்காதவரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொல்லுவார்கள்: உள்ளே ஓர் அக்கினி இருக்கிறது, அதில் சோறு எரிகிறது, எரிவதால் பலம் உண்டாகிறது. இந்த அபிப்பிராயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. 1780-களில் பாரிஸ் நகரத்து லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் அடைத்து, அதன் உடற்சூட்டினால் உருகிய நீரையும் அது வெளிவிடும் கரியமிலவாயுவையும் கணக்கிட்டுப் பார்த்து, சுவாசம் என்பது மெல்ல நடைபெறும் ஒரு தகனமே என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆயினும் அந்த விடையில் ஒரு குறை உண்டு. எரிந்தால் உஷ்ணம் பிறக்கும். வெறும் உஷ்ணத்தைக் கொண்டு உடம்பினால் ஒரு விரலைக்கூட மடக்க முடியாது. இந்த உண்மையைச் சிலர் தம் உயிரைக் கொடுத்தே உலகுக்கு உணர்த்த நேர்ந்தது.

முதல் உலக மகாயுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளிகள், காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, நாளுக்கு நாள் மெலிந்தார்கள். சிலர் மாண்டும் போனார்கள். 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கட்டிங், டெயின்டர் என்ற இருவர், அதே பொருளைச் சிறு அளவில் கொடுத்தால் ஸ்தூல சரீரிகள் பட்டினி கிடக்காமலே இளைக்கிறார்கள் என்று பிரகடனம் செய்யவே, மருந்துக் கடைகளில் அது அமோகமாக விற்பனையாகத் தொடங்கியது. வாக்களித்தபடி உடம்பு இளைக்கத்தான் இளைத்தது. ஆனால் சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அளவு மீறி விழுங்கியவர்களுக்கு ஜுரம் ஏறிக்கொண்டே போய், எந்தச் சிகிச்சைக்கும் இறங்காமல் பிராணனைக் கொண்டுபோயிற்று. 1938-ல் இயற்றப்பட்ட புதிய உணவு, மருந்துச் சட்டத்தைக் கொண்டு அந்நாட்டு அரசாங்கம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது.

அந்தப் பொருள் உள்ளே சென்று என்ன செய்தது என்பதை அறிய, சோறு போகும் வழியைச் சற்றுத் தொடர வேண்டும். சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுகோஸாகி, இரத்தத்தின் வழியே ஒவ்வோர் உயிரணுவையும் அடைந்து, அங்கே இரண்டாகப் பிளந்து, பின்னர் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அறைக்குள் புகுந்து, கிரெப்ஸ் என்ற விஞ்ஞானி 1937-ல் வகுத்துக்காட்டிய வட்டப் பாதையில் படிப்படியாகக் கழற்றப்படுகிறது. அதிலுள்ள கரி, கரியமிலவாயுவாக மூச்சில் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் நாம் இழுத்த பிராணவாயுவோடு சேர்ந்து நீராகின்றன. இத்தனையும் முடிந்தபின் உடம்பின் கையில் மிஞ்ச வேண்டிய பொருள் ஏ.டி.பி. என்ற பாஸ்பேட் சேர்மம். 1929-ல் ஜெர்மனியில் லோமான் தனியாகவும், அமெரிக்காவில் பிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் சேர்ந்தும் கண்டறிந்தது இதைத்தான். தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி கடத்துவதற்கும் இதுவே வேண்டும். உடம்பில் ஒரு சமயத்தில் இருப்பது நூறு கிராமுக்கும் குறைவு. ஆனால் செலவழிந்து செலவழிந்து மறுபடி உண்டாவதைக் கூட்டிப் பார்த்தால், ஒரு நாளில் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வரும்.

டைநைட்ரோபீனால் சேர்ந்த இடத்தில் சோறு முன்னிலும் வேகமாக எரிகிறது, ஏ.டி.பி. மட்டும் உண்டாவதில்லை என்பது 1948 வாக்கில் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. எரிதலுக்கும் ஏ.டி.பி.க்கும் நடுவே ஏதோ ஒரு ரசாயனப் பொருள் தூது போவதாக எண்ணிப் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களெல்லாம் ஆண்டுக்கணக்கில் தேடியும் அது அகப்படவே இல்லை. 1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அகப்படாததற்குக் காரணம் அப்படியொரு பொருளே இல்லாததுதான் என்றார். எலெக்ட்ரான்கள் கைமாறும்போது கிடைக்கும் சக்தி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு அப்பால் புரோட்டான்களை இறைத்துத் தள்ளுகிறது. அவை ஏரியில் தேங்கிய நீர்போல் அழுத்திக்கொண்டு நின்று, மதகு ஒன்றின் வழியாகவே திரும்பி இறங்குகின்றன. இறங்கும் வேகத்தில் ஏ.டி.பி. உருவாகிறது என்பது அவருடைய சித்தாந்தம். அதைக் கேட்டுப் பலர் நகைத்தார்கள். குடற்புண்ணால் அவதிப்பட்டு எடின்பரோ சர்வகலாசாலை வேலையை விட்ட மிட்செல், கார்ன்வால் மாகாணத்தில் பாழடைந்து கிடந்த ஒரு மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிபர் மாயில் என்ற சகாவுடன் அங்கேயே பரிசோதனைகளை நடத்தினார். 1978-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த மதகு கற்பனையன்று. 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் கண்ணாடியில் பதித்து, அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, ஏ.டி.பி.யை ஊட்டியபோது, அந்த இழை, ஏ.டி.பி. உண்டாகும்போது மதகு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றிச் சுற்றி வருவதை நுண்ணோக்கியில் பிரத்தியட்சமாகவே கண்டார்கள். நம் உடம்பில் அது ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று ஏ.டி.பி. பிறக்கின்றன.

இனி அந்த மஞ்சள் பொடியின் துரோகம் விளங்கும். அது புரோட்டான்களைத் தானே சுமந்துகொண்டு சவ்வின் எந்த இடத்திலும் ஊடுருவும் தன்மையது. மதகைத் தொடாமலே கரை முழுவதும் கசிகிறது, எவ்வளவு இறைத்தாலும் தேங்குவதில்லை, தேங்காததால் உடம்பு மேலும் மேலும் எரிக்கிறது, எரிந்ததெல்லாம் ஜுரமாகிறது. ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கு கனமும் இல்லாத சவ்வு அது. நம் பலம் எரிவதில் மட்டும் இல்லை, அந்தச் சவ்வு தடுத்து நிறுத்துவதிலும் இருக்கிறது என்பதே நான் இதில் கண்ட சாரம்.

இயற்கைக்கும் இந்தக் கசிவு தெரியாததன்று. பிறந்த சிசுவுக்குக் குளிரில் நம்மைப்போல் நடுங்கத் தெரியாது; அதற்குப் பதிலாக அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்பு நிறக் கொழுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள சவ்வுகளில் மட்டும் ஒரு புரதம் வேண்டும்போது வழிதிறந்து, புரோட்டான்களை வீணே இறங்கவிட்டு, குழந்தையைச் சூடாக வைக்கிறது. ஆனால் அது அளவோடு திறக்கிறது. தேவை தீர்ந்ததும் மூடிக்கொள்கிறது. மாத்திரைக்கு மூடத் தெரியாது.

சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவி அந்தப் பொடி இன்றைக்கும் இணையத்தில் விலைபோகிறது. அதை விழுங்கி இளம் வயதினர் இறந்த செய்திகளும் வந்தபடி இருக்கின்றன. இளைக்க விரும்புகிறவர்களைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு எரிந்துபோகும் என்று எவனாவது ஆசை காட்டினால், எரிவது சரி, அதில் உடம்பின் கைக்கு வருவது என்ன என்று அவனைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு முடிச்சை அவிழ்க்கலாம்.