அயல்நாட்டு முதலீடும் அடுத்த தெருக் கடையும்

மாணவர்களே! ஜீவனஹள்ளியில் உள்ள சிறு மளிகைக் கடைகளை நாள்தோறும் காண்கிறீர்கள். உங்களுள் சிலருடைய பெற்றோரே அத்தகைய கடையை நடத்தலாம். இன்று அதே பொருள்கள், கைப்பேசியில் கேட்டவுடன் வாயிலுக்கு வந்து சேர்கின்றன. இம்மாற்றத்தில் அயல்நாட்டு முதலீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அது சிறு வணிகருக்கு நன்மையா, தீமையா?

இதற்கு நம் நகரிலேயே இரு சான்றுகள் உள்ளன. 2003-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் இந்தியாவில் தன் முதல் மொத்த விற்பனை நிலையத்தைப் பெங்களூரில் திறந்தது. அது வணிகர்களுக்கு விற்கும் நிலையம். ஆதலால் சிறு கடைக்காரரும் பல பொருள்களை ஓரிடத்தில் கொள்முதல் செய்ய முடிந்தது. அங்கே அவர் வாடிக்கையாளர்.

2007-இல் பெங்களூரில் தோன்றியது ஃபிளிப்கார்ட். அதன் ஏறத்தாழ 77 விழுக்காட்டுப் பங்குகளை 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தகைய தளங்கள் வழியே சிறு உற்பத்தியாளர் தொலைவூர்களுக்கும் விற்கலாம். அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் தெருக் கடைக்காரருக்கு அத்தளம் போட்டியாளர். பெருமுதல் பல ஆண்டுகள் இழப்பைத் தாங்கியும் விலையைக் குறைக்க வல்லது. இன்றைய விற்பனையைக் கொண்டு நாளைய சரக்கை வாங்குபவரால் அது இயலுமா?

எனவேதான் சட்டம் தேவைப்படுகிறது. அயல்நாட்டு முதலீடு பெற்ற இணையத்தளம் பிறர் விற்கும் சந்தையாக இருக்கலாம். தன் சரக்கைத் தானே விற்கக் கூடாது என்பது இந்திய அரசின் விதி. 2012-இல் பல்பொருள் சில்லறைக் கடைகளில் 51 விழுக்காடு வரை அயல்நாட்டு முதலீடு அனுமதிக்கப்பட்டபோது, ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களுக்கு விடப்பட்டது. தமிழ்நாடு மறுத்தது.

முதலீட்டை முற்றிலும் வெறுப்பது அறிவுடைமை ஆகாது. கண்மூடி வரவேற்பதும் ஆகாது. ஏரிநீர் மதகு வழியே வந்தால் பயிர் விளையும்; கரையை உடைத்து வந்தால் பயிர் அழியும். விதிகளே மதகு. அவை ஏட்டில் இருந்தால் போதாது. நடைமுறையில் காக்கப்பட வேண்டும். கடைக்காரரும் ரசீது, சரியான எடை, மின்னணுப் பணப்பரிமாற்றம் ஆகியவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

கூலி கிடைக்காத நாளில், முகம் பார்த்துக் கணக்கில் எழுதிக்கொண்டு அரிசி தருபவர் தெருக் கடைக்காரர். அக்கடை மூடப்பட்டால் இழப்பு அவருக்கு மட்டுமன்று; அத்தெருவின் எளிய குடும்பங்களுக்கும்தான்.

சிந்தித்து எழுதுக: உங்கள் தெருக் கடைக்காரரிடம் உரையாடி, அவர் சரக்கு வாங்கும் இடம், எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் ஆகியவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.