கம்பிச்சுருளும் கைத்திறனும்

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டு, கைவினைஞரின் அரத்தால் உருப்பெறுவது. அத்தகைய ஊரில் வாழும் நாம், மின்னடுப்பின் கம்பிச்சுருள் அறுந்ததும் அடுப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அன்றேல், அறுந்த முனைகளை முறுக்கி மீண்டும் மூட்டுகிறோம். முன்னது வீண், பின்னது பிழை.

சுருள் என்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் அடுப்பு ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். முறுக்கியதால் கம்பியின் நீளம் குறைந்தால் மின்தடை குறையும், மின்னோட்டம் மிகும். தளர்ந்த முறுக்கோ அவ்விடத்திலேயே கனன்று விரைவில் அறும்.

புதுச்சுருள் மாற்றுதல் அரிய செயலன்று. விசையை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். அடுப்பு ஆறியபின், அதே வாட் அளவுள்ள சுருளைச் சுடுமண் தட்டின் பள்ளத்தில் சீராகப் பதித்து, முனைகளைத் திருகாணியில் இறுக்குதல் வேண்டும். சுருள் உலோக உடலைத் தொடலாகாது. நில இணைப்பும் இன்றியமையாதது.

ஓம் விதியை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர் திருப்புளியைத் தொட அஞ்சுகிறார். விதியறியாதவரோ அஞ்சாது தொட்டு உயிரிழக்கிறார். அறிவும் கையும் பிரிந்ததன் விளைவே இவ்விரண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அவ்வழி நிற்கும் நமக்குக் கைவேலை இழிவாகுமா? பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும், ஆசிரியர் மேற்பார்வையில், ஒரு சுருளையேனும் மாற்றிப் பழகுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.