காடிக்கு புஷ் மாத்துறதும் ஆலயத் தொண்டும்

இன்னைக்கு காடி விஷயம். சாமி பேச்சு இல்லையேன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும்போது அரிசி மூட்டை, பெரிய அண்டா, நடக்க முடியாத பாட்டிமார் எல்லாரும் ஏறுவது நம்ம தொண்டர் தம்பிகளின் மைவியிலும் சாகாவிலும்தான்.

அந்தத் தம்பிகள் கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்தால் பாலியூரித்தேன் புஷ், தடித்த ஸ்டேபிலைசர் பார் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தினமும் வேலைக்கு ஓடும் காடிக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்க்கு நடுவே ஒட்டிய ரப்பர். லோவர் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது, குழியின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. முன் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ் பல திசையிலும் கொஞ்சம் அசைய வேண்டும். அங்கே கெட்டியான பாலியைப் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அதிர்வு நேராக பாடிக்கு ஏறும். கிரீஸ் காய்ந்தால் கீச் கீச்சென்று கத்தும். ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் முதுகுவலி அம்மாவை வைத்து ஓட்டிப் பாருங்க, புரியும்.

அதுவும் மலாக்காக்காரன் ரப்பரை மட்டமாகப் பேசலாமா? 1896-ல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

தடித்த பாரும் அப்படித்தான். அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குக் கம்பி. தடிமன் கூடினால் வளைவில் காடி குறைவாகச் சாயும். ஆனால் ஒரு பக்கம் குழியில் விழுந்தால் அந்த ஆட்டம் அடுத்த பக்கத்துக்கும் போகும். பின்பக்கம் மட்டும் ரொம்பத் தடித்ததைப் போட்டால், மழையில் வளைவு திரும்பும்போது வால் வழுக்கும். அதான் எங்களுக்குப் பயம். அந்தக் காடியில் ஏறுவது ஓட்டுகிற தம்பி மட்டும் இல்லையே.

தேய்ந்ததை மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் மாற்றணும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்குதா, டயரின் உள்பக்கம் மட்டும் தேயுதா, ஆர்ம் புஷ்ஷைப் பாருங்க. பம்ப்பில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சத்தமில்லாமல், ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது 'டொக் டொக்' என்றால் பெரும்பாலும் ஸ்டேபிலைசர் லிங்க்தான். அதன் பந்து மூட்டு தளர்ந்திருக்கும். லிங்க் விலை அதிகமில்லை, வேலையும் சின்னது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்க. பாலி ஆசை அடங்கவில்லை என்றால் பாரைப் பிடிக்கிற சின்ன புஷ்ஷில் மட்டும் போட்டுக்கோங்க, சிலிக்கோன் கிரீஸ் தடவி.

இன்னொன்று, பட்டறையில் அவசரத்தில் பலர் விட்டுவிடுவது. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் காடி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில், வண்டியின் பாரம் அதன்மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கின நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்க தம்பிங்களா. முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்க.

மிச்சமாகும் வெள்ளிக்கு நல்ல டயர் வாங்குங்க. மாசி மகத்துக்கு ஆள் ஏற்றும் காடிகளை ஞாயிறு பூஜை முடிந்ததும் ஆலய வாசலில் நிறுத்துங்க, சேர்ந்தே குனிந்து பார்த்துவிடலாம்.