இது யார் குரல்?

பாடுகின்ற நண்பருக்கு உதவி செய்வது எளிதென்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவர் பாடுவார், நாம் தலையசைப்போம், முடிவில் ‘அருமை’ என்போம். வேறென்ன வேண்டும்? அது போதாது என்பதைச் சென்ற மாதத்தில் இரண்டு இரவுகள் எமக்கு உணர்த்தின.

நண்பர் கூட்டுறவுச் சங்கமொன்றிற் கணக்கெழுதுபவர். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர். கோயிற் பசனைகளில் 25 ஆண்டுகளாகப் பாடி வருகின்றார். தாமே பாட்டுக் கட்டுவதும் உண்டு. குறும்படம் எடுக்கும் இளைஞரொருவர் திருவிழாவின்போது அவர் பாட்டைக் கேட்டுவிட்டு, மாதிரிப் பதிவொன்று அனுப்பும்படி சொன்னாராம். அன்றிரவே நண்பர் சைக்கிளில் எம்மிடம் வந்துவிட்டார். 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, இணையவழியிற் பாடம் நடத்துவதற்கென நாம் வாங்கிய ஒலிவாங்கியொன்று வீட்டில் இருப்பதை அவர் அறிவார்.

ஒலிப்பதிவென்றால் விலையுயர்ந்த கூடமும் கருவிகளும் வேண்டுமென்று எம் மாணவர் பலர் கருதுகின்றனர். மாதிரிப் பதிவொன்றுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வெறுஞ் சீமெந்துச் சுவர்களுள்ள அறையிற் பாடினால் ஒலி சுவரிற் பட்டுத் திரும்பிக் குரலோடு கலந்து அதனை மங்கச் செய்யும். எனவே நண்பர் வீட்டில் உடுப்பு அலுமாரி நிற்கும் சிறிய அறையைத் தெரிந்தோம். ஒரு சுவரில் மெத்தையைச் சார்த்தினோம். கதவிற் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினோம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்தோம். நேரே வைத்தாற் சொல்லின் முதலில் வரும் பகர எழுத்தின் மூச்சு அதில் மோதி வெடிக்கும். சுருதியை நண்பரின் காதணியில் மட்டும் ஒலிக்கவிட்டோம். பதிவிற் குரல் தனியே நிற்கவேண்டுமல்லவா? வீதியில் மோட்டார்ச் சைக்கிள்கள் ஓய இரவு பத்து மணியாயிற்று. நல்லதொரு பதிவின் நடுவே பல்லி சொல்லிற்று. நண்பரின் மனைவியார் அதை நற்சகுனமென்றார். நாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.

பதிவைக் கேட்ட நண்பர் முகம் வாடினார். இதில் வியப்பில்லை. நாம் பாடும்போது எமது குரலைக் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டின் எலும்புகள் வழியாகவும் கேட்கின்றோம். எலும்பு, குரலின் கனத்தைக் கூட்டிக் காட்டுகின்றது. கருவியோ காற்றில் வருவதை மாத்திரமே பிடிக்கின்றது. ஆதலால் முதன்முறை தம் குரலைக் கேட்பவர் எவரும் அது மெலிந்துவிட்டதென்றே எண்ணுவர். இதனை விளக்கி நண்பரைத் தேற்றினோம்.

ஆயினும், நாம் சொல்லாது விட்டது ஒன்றுண்டு. மேற்சுருதியிற் குரல் நான்கைந்து இடங்களிற் சற்றுத் தாழ்ந்து நின்றது. அது கருவியின் குற்றமன்று. வயது ஐம்பதை நெருங்குகின்ற தொண்டை, இருபது வயதிற் பிடித்த சுருதியை எட்ட முயன்ற களைப்பு அது. ‘உமது குரல் இறங்கிவிட்டது’ என்று நண்பருக்குச் சொல்ல எமக்கு நா எழவில்லை. சொல்லாமலே சரிசெய்ய வழியிருக்கும்போது ஏன் சொல்லவேண்டும் என்று நினைத்தோம்.

வழி இருக்கத்தான் செய்தது. நிலத்தடி எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், அக்கணிதத்தையே குரலுக்குப் பயன்படுத்தி, சுருதி பிசகிய பாட்டைத் திருத்தும் ‘ஓட்டோ-டியூன்’ என்ற மென்பொருளை 1997இல் வெளியிட்டார். அவ்வகையான மென்பொருளொன்றை எமது கணினியில் இறக்கி, மறுநாள் வீட்டிலிருந்தபடியே நண்பரின் குரலைத் திருத்தினோம். தாழ்ந்த இடங்களெல்லாம் நிமிர்ந்தன. பெருமிதத்தோடு அன்றிரவே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியார், “இவரின்ரை பாட்டை ஆர் அண்ணை பாடினது?” என்று கேட்டார்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “மச்சான், பாட்டு நல்லாய்த்தான் கிடக்கு. ஆனால் இது நானில்லை” என்றார்.

பாட்டு தோடியில் அமைந்தது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று; அயற்சுரங்களைத் தொட்டு அசைந்தாடுவதிலேயே அதன் உயிர் இருக்கின்றது. மென்பொருளோ சுரமென்றால் நிலையாக நிற்கவேண்டுமென்று நம்புவது. பன்னிரண்டு படிகளுள் எது அண்மையிலுள்ளதோ, அதிற் கொண்டுபோய்க் குரலை நிறுத்திவிடும். பிழையோடு கமகத்தையும் சேர்த்துத் திருத்திவிட்டோம்.

இந்தியாவின் ஆரம்பகால இசைத்தட்டுகளை எண்ணிப் பார்க்கின்றோம். 1902இல் கல்கத்தாவிற் பாடிய கௌஹர் ஜான் அம்மையார், மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் தமது பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். பாடியவர் இன்னாரென்பது தட்டிலேயே பதிந்திருந்தது. ஒரு மாதிரிப் பதிவின் கடமையும் அதுவே: ‘இது நான்’ என்று சொல்லுதல். நாம் ஆக்கிய பதிவு அதைத் தவிர மற்றெல்லாம் சொல்லிற்று.

அப்போதுதான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னோம். “சுருதியைக் குறைத்துப் பாடிப் பாருமன்.” நண்பர் எம்மை உற்று நோக்கினார். “அப்ப குரல் இறங்கிப் போச்சு எண்டுறீர்?” என்றார். “ஓம்” என்றோம். அந்த ஒரு சொல்லை உரைப்பதற்கு எமக்கு ஒருநாள் முழுவதும் பிடித்தது. இரண்டு கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கினார். மூன்றாம் முறையிற் பாட்டு முழுமையாக வந்தது. காந்தாரம் ஆடிற்று, மேற்சுரத்தில் தொண்டை இறுகவில்லை. அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே அனுப்பினோம்.

இரண்டு கிழமையின் பின் மறுமொழி வந்தது. படத்திற்கு இளமையான குரல் தேவைப்படுவதால் இம்முறை இயலவில்லையென்று அந்த இளைஞர் மரியாதையாக எழுதியிருந்தார். நண்பருக்கு வருத்தமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், திருத்திய பதிவை அனுப்பி அது ஏற்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பலர் முன்னிலையில் ஒலிவாங்கியின்முன் நின்று, தம்மிடமில்லாத குரலை அவர் தேடியிருப்பார். அந்த வெட்கத்தை அவருக்குத் தேடிக்கொடுத்தவர்கள் நாமாக இருந்திருப்போம்.

மாணவர்களே, உங்கள் தோழர்கள் பாட்டையோ கட்டுரையையோ கணக்கையோ காட்டி உதவி கேட்பார்கள். இரகசியமாகத் திருத்திக் கொடுப்பது அன்பைப் போலத் தோன்றும். குறையை முகத்துக்கு நேரே சொல்லி, அது தீரும்வரை பக்கத்தில் இருப்பது கடினம். அன்பு எதுவென்பதை நாம் நாற்பது வயது கடந்த பின்னரே கற்றோம். நீங்கள் அத்தனை காலம் காத்திருக்கவேண்டாம்.

நேற்று நண்பர் மறுபடியும் சைக்கிளில் வந்தார். இரண்டாவது பாட்டு ஆயத்தமாம். ஒரு கட்டைச் சுருதியில் கட்டியிருக்கிறாராம்.